சீமெந்து விலையும் சீதன வீடும்

'வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்' என்பது பழமொழி. பிற நாட்டார்க்கு இவை இரண்டு துன்பங்கள். யாழ்ப்பாணத்தார்க்கோ இரண்டும் ஒன்றே. பெண்ணுக்குச் சீதனமாக வீடு கொடுத்தல் வேண்டும் என்னும் வழக்கு வேரூன்றிய நாட்டிலே, வீட்டுக்கு முகடு ஏறும்வரை கலியாணப் பந்தலும் எழுவதில்லை. ஆதலின், கட்டடச் செலவு ஏறியது என்பது இங்கே பொருளியற் செய்தி மாத்திரமன்று; பல வீட்டுக் கன்னியரின் வயதுக் கணக்குமாகும்.

2021 இல் 50 கிலோச் சீமெந்துப் பை ஒன்று ஆயிரம் ரூபாவை ஒட்டி விற்றது. 2022 இல் அது மூவாயிரத்தைத் தாண்டிற்று. அவ்வாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த டொலர், சில மாதங்களுள் 360 ஐ அணுகி, 2024 அளவில் 300 இற்கு இறங்கி நின்றது. கம்பி, அலுமினியம், தரையோடு, மின்கம்பி முதலியன பெரும்பாலும் கடல் கடந்து வருவன. ரூபா பழைய நிலைக்கு மீளாதவரை இவையும் பழைய விலைக்கு மீளா.

பணவீக்கம் தணிந்துவிட்டதே என்று மாணாக்கர் சிலர் வினவுகின்றனர். 2022 செப்ரெம்பரில் நூற்றுக்கு 69.8 ஆக இருந்த கொழும்புக் கணக்கு, 2024 இன் பிற்பகுதியில் சுழியத்துக்கும் கீழே சென்றது உண்மை. ஆயின், ஏணியில் ஏறினவன் மேலும் ஏறாது நின்றான் என்பது வேறு, நிலத்துக்கு இறங்கினான் என்பது வேறு. இவன் ஒரு படி இறங்கினான், அவ்வளவே. மெய்யாக இறங்கியது வட்டி. 2022 இன் இறுதியில் வங்கிகள் தம் முதன்மையான வாடிக்கையாளரிடமே நூற்றுக்கு 27 அளவில் வட்டி கேட்டன. 2023 யூன் முதல் மத்திய வங்கி வீதத்தைக் குறைத்தமையால், கடன் என்னும் சொல்லை ஆசிரியர் ஒருவர் அச்சமின்றி உச்சரிக்க முடிகின்றது.

கூலியும் உயர்ந்துள்ளது. கைதேர்ந்த மேசன்மாரும் ஓடாவிமாரும் பலர் வளைகுடா நாடுகளுக்குப் போய்விட்டனர். இக்கூலி குறைதல் வேண்டும் என யாம் விரும்போம். பிறர்க்கு வீடு கட்டுபவருக்கும் ஒரு வீடு வேண்டுமன்றோ?

நிற்க. பழைய முறைக்கே மீள்வோம் என்பார் உளர். சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் பனஞ்சிலாகையும் கொண்டெழுந்த நாற்சார் வீடுகளின் குளிர்ச்சியை அறிந்தவர்க்கு அவ்வாசை இயல்பே. (நெடுநல்வாடை நிழலளந்து அரண்மனை வகுத்த திறத்தை விரித்துரைக்கின்றது, கூலிக் கணக்கை மட்டும் புலவர் நமக்கு விட்டுவைத்திலர்.) ஆனால், எங்கள் நன்னீர் தங்கியிருப்பது அச்சுண்ணக்கல்லினுள்ளேதான். 1950 இல் தொடங்கி 1990 இல் போரினால் ஓய்ந்த காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்காகக் கல்லெடுத்த பெருங்குழிகளைக் கண்டும் மேலும் தோண்டு என்பது அறிவுடைமையாகாது. பனையும் போரிலே பெருந்தொகையாய் அழிந்தது.

ஆகவே, விலை இறங்கட்டும் என்று காத்திருப்பதிற் பயனில்லை. இறங்கவேண்டியது வீட்டின் அளவு. போருக்குப் பின் இந்திய வீடமைப்புத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கொடுத்து, 550 சதுர அடியில் வீடு அமைக்கச் செய்தது. அத்தொகை போதாது நகையை அடைவு வைத்தவர் பலர். எனினும் அவ்வளவிலே குடும்பங்கள் வாழ்கின்றன. நாமோ வெளிநாட்டுப் பணத்தில் எழுந்த அயல்வீட்டு மாடியைப் பார்த்து அத்திவாரம் இடுகின்றோம். தொங்குவளை மட்டத்தில் நின்றுபோன சுவர்களும், அவற்றின் தலையில் துருவேறி நிமிர்ந்து நிற்கும் கம்பிகளும் ஊர்தோறும் காட்சியளிக்கின்றன. அவற்றுள் உறங்கும் பணம் ஒரு சிறு வீட்டை முடித்திருக்கும்.

இரண்டு அறை, ஓர் அடுக்களை, ஒரு விறாந்தை என்று முதலில் முடித்துக் குடிபுகுந்து, வசதி வருங்கால் கூட்டிக் கட்டலாம். அதற்கேற்ப அத்திவாரத்தை முன்னரே வகுத்தல் நன்று. வங்கிகளும் முழு வீட்டுக்கு ஒரே கடன் என்னாது, பகுதி பகுதியாய்க் குறைந்த தொகைக்குக் கடன் வழங்க முன்வரல் வேண்டும்.

மாப்பிள்ளை வீட்டார்க்கும் ஒரு வார்த்தை. மாடிவீடு கேட்கும் தந்தையர், மகனின் சம்பளத்தில் அம்மாடியை எத்தனை ஆண்டிற் கட்டலாம் என்று ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பாராக. பெண்ணின் தந்தையும் அதே சம்பளத்துக்குத்தான் உழைத்தவர்.