15 வினாடி ஆசீர்வாதம்

ஆணோடு ஆணும், பெண்ணோடு பெண்ணும் பிரியப்பட்டுச் சேர்ந்து வாழ்கிறவர்களைக் கோவிலுக்குள் எவ்வளவு தூரம் விடுவது என்பதைப் பற்றிக் கத்தோலிக்கர்களுக்குள் பெருஞ்சண்டை நடந்து வருகின்றது. "சாமியே இல்லையென்கிற உங்களுக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். மனிதனை மனிதன் வாசற்படியில் நிறுத்துகிற காரியம் எவன் வீட்டில் நடந்தாலும் அது நம்முடைய காரியமே என்பதுதான் நமது பதில்.

நடந்ததைக் கவனியுங்கள். 2021 மார்ச்சில் ரோமாபுரியின் விசுவாசக் கோட்பாட்டு இலாகா, கடவுள் பாவத்தை ஆசீர்வதிப்பதில்லையாதலால் இத்தகைய ஜோடிகளை ஆசீர்வதிக்கச் சபைக்கு அதிகாரமில்லை என்றது. மே மாதத்திலேயே ஜெர்மனியில் பல பாதிரிகள் அதை மீறிப் பகிரங்கமாக ஆசீர்வதித்தார்கள். 2023 டிசம்பர் 18-ல் போப் பிரான்சிஸ் சம்மதத்தின்மேல் அதே இலாகா, ஆசீர்வதிக்கலாம், ஆனால் கலியாணம்போல் தோன்றக்கூடாது என்றது. மூன்று வருஷத்துக்குள் மாறியது கடவுளா? இலாகாத் தலைவரா? தலைவர்தான் 2023-ல் மாறினார்!

பல தேசத்து மேற்றிராணிமார்கள் கூச்சலிடவே, 2024 ஜனவரி 4-ல் ஒரு வியாக்கியானம் வந்தது. அந்த ஆசீர்வாதம் 10 அல்லது 15 வினாடிதான், அதனால் அவர்கள் வாழ்க்கையை ஒப்புக்கொண்டதாக ஆகாது என்பது அதன் சாரம். ஒரு வாரத்தில் ஆப்பிரிக்க மேற்றிராணிமார் சங்கம் அதுவும் வேண்டாமென்றது. மாட்டுக்கும், படகுக்கும், மோட்டார் வண்டிக்கும் ஆசீர்வாதம் செய்கிற சபை இது. அவைகளுக்குக் கடிகாரம் பார்த்து ஆசீர்வதித்ததாகக் கேள்வியில்லை. மனிதனுக்குத்தான் வினாடிக் கணக்கு!

நிற்க, வைதீகக் கூட்டத்தார் "வேதத்தில் உள்ளதை மாற்ற எங்களுக்கு அதிகாரம் ஏது?" என்கிறார்கள். வட்டி வாங்குவதையும் அந்த வேதம்தானே கண்டித்தது? 1179-ல் கூடிய மூன்றாவது லாட்டரன் சங்கம், பகிரங்கமாக வட்டி வாங்குகிறவனுக்கு நற்கருணையும் கிறிஸ்தவ அடக்கமும் கிடையாதென்று விதித்தது. கொடுத்த முதலுக்குமேல் வாங்குவதெல்லாம் அக்காலத்தில் வட்டிதான். இன்றோ பாங்கியில் பணம் போட்டு வட்டி வாங்குகிற எந்தக் கத்தோலிக்கனுக்கும் நற்கருணை மறுக்கப்படுவதில்லை. 1942-ல் வத்திக்கானுக்குள்ளேயே ஒரு பாங்கி ஏற்பட்டுவிட்டது. ஆனால் 2017-ல் அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு மேற்றிராணியார், அதே இரண்டு தண்டனைகளையும் தன்பால் கலியாணம் செய்துகொண்டவர்கள்மேல் போட்டார். சாகுமுன் மனஸ்தாபப்பட்டதற்கு அடையாளம் காட்டாவிட்டால் அடக்கப் பூசை இல்லையாம். பணக்காரனுக்காக வளைந்த வேதம் இவர்களுக்காக மட்டும் ஏன் வளையவில்லை?

பிணத்துக்கு மந்திரம் வேண்டாம் என்பது நமது அபிப்பிராயம். ஆனால் வேண்டுமென்று நம்பி, ஆயுள் பூராவும் காணிக்கை போட்டவனிடம் வாங்குவதையெல்லாம் வாங்கிக்கொண்டு, செத்தபின் கதவைச் சாத்துவதற்குப் பெயர் பக்தியா, மோசடியா?

சீர்திருத்தக்காரர் என்பவர்களையும் கேட்கின்றோம். 1992-ல் வெளியான உங்கள் ஞானோபதேசப் புஸ்தகம் இவர்களை மரியாதையாக நடத்து என்கிறது. அதே இடத்தில் இவர்களுடைய சேர்க்கை இயல்பிலேயே ஒழுங்கற்றது என்றும் சொல்லுகிறது. ஒரு கையால் கும்பிட்டு மறு கையால் கன்னத்தில் அடிப்பது மரியாதையாகுமா? இவர்களுக்காக உழைத்த ஜீனின் கிராமிக் என்ற கன்னியாஸ்திரீயை 1999-ல் அந்த ஊழியமே செய்யக்கூடாதென்று ரோமாபுரி தடுத்தது. 2023-ல் போப் அவரை அழைத்து மரியாதை செய்தார். இடையில் கழிந்த 24 வருஷங்களில் வாசலில் நின்றே செத்தவர்களுக்கு யார் ஜவாப்தாரி?

கத்தோலிக்கத் தோழர்களே! பங்கில் பக்கத்துப் பெஞ்சில் உட்காருகிறவன் உங்களுக்குச் சமமானவனா இல்லையா என்று தெரிந்துகொள்ள ரோமாபுரிக் கடிதம் எதற்கு? உங்கள் மகனையோ மகளையோ வீட்டில் வைத்துக்கொள்ள எந்த மேற்றிராணியாரின் முத்திரை வேண்டும்? 15 வினாடி தயவு சமத்துவமாகாது. யோசித்துப் பாருங்கள்.