சொல்லும் பொருளும்: நேட்டிவ்

எலப்புள்ளியில் என் அண்டை வீட்டார் ஒருவர் சென்ற வாரம் ஒரு தாளுடன் வந்தார். கேரளப் பொறியியல் நுழைவுத் தேர்வுக்கு அக்ஷயா நிலையத்தில் பதிவு செய்யுமுன் அவர் மகள் குறித்துக்கொண்ட விவரங்கள் அதில் இருந்தன. 'நேட்டிவ்' என்பதற்கு எதிரே, அவளுடைய கொள்ளுப்பாட்டனார் விட்டு வந்த திருநெல்வேலிச் சீமைக் கிராமத்தின் பெயர் எழுதப்பட்டிருந்தது. "நம்ம ஊர் அதுதானே, தம்பி?" என்றார் அவர். மகளும் இவ்வூரில் பிறந்தவள். அவரும் இவ்வூரில் பிறந்தவரே.

நம்மவர் பலர் தடுமாறும் சொல் இது. பிறத்தல் என்னும் பொருளுடைய லத்தீன் வேரில் கிளைத்தது. நேஷன், நேச்சர் என்பனவும் அவ்வேரின. கள்ளமறியாத என்று பொருள்படும் 'நயீவ்' என்பதும் பிரெஞ்சு வழியாக வந்த அதன் உடன்பிறப்பே.

மனிதரைச் சொல்லும்போது 'நேட்டிவ் ஆஃப்' என்று வரும். இன்ன ஊரில் பிறந்தவர் என்பது கருத்து. மரம், செடி, விலங்குகளுக்கோ 'நேட்டிவ் டு' என்று வரும். அந்த இனம் இயற்கையாய்த் தோன்றிய நிலத்தை அது குறிக்கும். 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கொணர்ந்த முந்திரி மரம் நம் மேட்டு நிலங்களில் எத்தனை தலைமுறை காய்த்தாலும் பிரேசிலுக்கே 'நேட்டிவ் டு'. மனிதனுக்கு அக்கணக்கு இல்லை. தகப்பன் எங்கிருந்து வந்தானாயினும், எலப்புள்ளியில் பிறந்தவன் எலப்புள்ளியின் 'நேட்டிவ்' ஆகிவிடுகிறான்.

பொங்கலுக்கு முன் பயணச்சீட்டு ஜன்னலில் "சார், நேட்டிவுக்கு ரெண்டு டிக்கெட்" என்று கேட்போர் உண்டு. எந்த ஸ்டேஷன் என்று நான் கேட்டால் கோபமும் உண்டு! 'மை நேட்டிவ்' என்று தனித்து நிறுத்துவது இந்நாட்டு வழக்கு. வெளிநாட்டார் காதில் அது ஊரன்று, ஆள். 'நேட்டிவ் பிளேஸ்' என்பதே தெளிவு. பிறரைப் பன்மையில் 'நேட்டிவ்ஸ்' என்றழைப்பதும் ஆகாது. வெள்ளையர் ஆட்சியில் அவ்வழைப்பில் இளக்காரம் ஏறிவிட்டது. சமஸ்தானங்களைக்கூட அவர்கள் 'நேட்டிவ் ஸ்டேட்' என்றனர். அடுத்துள்ள சித்தூர் அத்தகைய கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்ததே. எலப்புள்ளி மலபாரைச் சேர்ந்து, சென்னை மாகாணத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-இல் கேரளம் அமைந்தபோது எல்லைதான் மாறிற்று. இங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் பெட்டி கட்டவில்லை.

நண்பரின் ஐயம் தீர்ந்தபாடில்லை. "நாம தமிழங்க, கேரளத்து நேட்டிவ்னு எழுதலாமா?" என்றார். எழுதலாம், எழுதவும் வேண்டும். அந்நுழைவுத் தேர்வுக்கு 'நேட்டிவிட்டி' என்பது, மாணவரோ பெற்றோருள் ஒருவரோ கேரளத்தில் பிறந்ததைக் கேட்பது. பிறப்புச் சான்றிதழோ, வில்லேஜ் ஆபீசரோ தாசில்தாரோ தரும் சான்றோ போதும். கேரளீயர் அல்லாதார் எனக் குறிக்கப்பட்டால் இட ஒதுக்கீடும் கட்டணச் சலுகையும் கிட்டா. பாட்டன் ஊரின் பாசத்தால் ஒரு பெண்ணின் படிப்பு இடறலாமா? மொழியைக் கேட்பது வேறு சொல், 'மதர் டங்'. அங்கே தமிழ் என்று எழுதத் தடையேதுமில்லை.

அப்பெண் தாளைத் திருத்தினாள். "அப்ப திருநெல்வேலி?" என்றார் தகப்பனார். 'ஆன்செஸ்ட்ரல் பிளேஸ்', முன்னோர் ஊர் என்றேன். அதற்கு அவ்விண்ணப்பத்தில் இடம் இல்லை. அவள் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.