நெல் பூக்கும் ஒரு மணி நேரம்

நெல் பூப்பதை நீங்கள் உற்றுப் பார்த்ததுண்டா?

அதற்கு மல்லிகையின் மணம் இல்லை. தாமரையின் நிறம் இல்லை. காலை 9 மணியிலிருந்து நண்பகலுக்குள், கதிரில் உள்ள சின்னஞ்சிறு உமி இரண்டாகத் திறக்கும். நூல் போன்ற ஆறு இழைகள் வெளியே தலை நீட்டும். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உமி மூடிக்கொள்ளும். அத்துடன் பூவின் கதை முடிந்தது.

அந்த நேரத்துக்குள் மகரந்தத் தூள் உதிர்ந்து, பூவின் உள்ளே உள்ள சூல்முடியில் விழுந்து, முளைக்க வேண்டும். முளைத்தால் அரிசி. முளைக்காவிட்டால் பதர்!

நாம் உண்ணும் ஒவ்வொரு சோற்றுப் பருக்கையும் அந்த ஒரு மணி நேரத்தில் பிழைத்து வந்ததுதான்.

அந்த நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் பல நெல் ரகங்கள் தாங்குவதில்லை. மகரந்தப் பை சரியாகத் திறப்பதில்லை. தூள் உதிர்ந்தாலும் முளைப்பதில்லை. பயிர் என்னவோ பச்சைப் பசேலென்றுதான் நிற்கும். கதிரும் வெளியே வரும். அறுத்துத் தூற்றும்போதுதான் உழவருக்கு உண்மை தெரியும். காற்றில் பறப்பது அவருடைய உழைப்பு.

இரவும் சுடுகிறது

பகல் வெயில் மட்டும் பகை அல்ல. இரவுச் சூடும் பகைதான்.

பிலிப்பைன்ஸ் நாட்டில் அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதன் வயல்களில் 1992 முதல் 2003 வரை எடுத்த விளைச்சல் கணக்கை விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். கோடைப் பருவத்தில் இரவு வெப்பம் ஒரு டிகிரி கூடினால், விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைந்தது!

காரணம் என்ன? பயிரும் மூச்சு விடுகிறது. பகலில் சேர்த்த உணவில் ஒரு பகுதியை இரவில் அது செலவழிக்கிறது. இரவு சூடாக இருந்தால் செலவு கூடுகிறது. மணிக்குப் போய்ச் சேருவது குறைகிறது.

கோதுமைக்கும் இதே சோதனை உண்டு. 2022 மார்ச் மாதம், 122 ஆண்டுகளில் காணாத பகல் வெயில் இந்தியாவைச் சுட்டது. வட இந்தியாவில் கோதுமை பால் பிடித்து முற்றும் நேரம் அது. மணிகள் சுருங்கின. 11 கோடியே 13 லட்சம் டன் விளையும் என்று எதிர்பார்த்த மத்திய அரசு, மே மாதத்தில் அதை 10 கோடியே 64 லட்சம் டன்னாகக் குறைத்தது. உக்ரைன் போரால் உலகச் சந்தையிலும் விலை ஏறியிருந்தது. மே 13-ந் தேதி கோதுமை ஏற்றுமதிக்குத் தடை வந்தது.

வயலில் அடித்த வெயில் கடைத்தெருவுக்கு வர இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

வழி உண்டா?

உண்டு. அதை நெல்லே காட்டுகிறது.

உத்தரப்பிரதேசத்தில் நாகினா என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்குள்ள நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான பழைய ரகத்துக்கு நாகினா-22 என்று பெயர். பூக்கும் நேரத்து வெயிலை நன்றாகத் தாங்கும் ரகங்களில் ஒன்று இது. மற்ற ரகங்கள் பதராகும் சூட்டிலும் இது மணி பிடிக்கிறது. காட்டு நெல் ஒன்று இன்னும் கெட்டிக்காரத்தனம் செய்கிறது. வெயில் ஏறுவதற்கு முன்பே, விடியற்காலையில் பூத்து முடித்துவிடுகிறது!

இந்தக் குணங்களை நாம் பயிரிடும் நெல்லுக்குக் கொண்டுவர வேண்டும். அந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்கிறவர்கள் யார்? பெரும்பாலும் முப்பது வயதைச் சுற்றிய இளைஞர்களும் இளம் பெண்களும்தான்.

அவர்கள் டாக்டர் பட்டம் பெற்றவர்கள். மருத்துவ டாக்டர் அல்ல, ஆராய்ச்சி டாக்டர். நிரந்தர வேலை கிடைக்கும் வரை தற்காலிக ஆராய்ச்சியாளராக இருப்பவர்கள். கதிர் பூக்கும் நாளில் தொட்டிகளைச் சூட்டு அறைக்குள் தூக்கி வைப்பார்கள். எந்தப் பூ எப்போது திறந்தது என்று பார்த்து, அதன் மேல் வண்ணப் புள்ளி வைப்பார்கள். சூல்முடியில் எத்தனை தூள் விழுந்தது என்று பூதக்கண்ணாடியில் எண்ணுவார்கள். அறுவடைக்குப் பிறகு மணி எத்தனை, பதர் எத்தனை என்று எண்ணுவார்கள். பண்டிகை, திருமணம் என்று பயிர் காத்திருக்காது. அது பூக்கும் நாளில் அவர்கள் அங்கே இருந்தாக வேண்டும்.

"இவ்வளவு படித்தும் இன்னும் நிரந்தர வேலை இல்லையா?" என்று உறவினர் கேட்பார்கள். பெற்றோருக்குப் பதில் சொல்லத் தெரியாது.

காலம் போதாது

இந்தத் தற்காலிக வேலைக்குக் காலம் பெரும்பாலும் இரண்டு ஆண்டு, மிஞ்சினால் மூன்று ஆண்டு. ஒரு நல்ல நெல் ரகம் உருவாக எத்தனை ஆண்டு ஆகும்?

வெள்ளத்தைத் தாங்கும் நெல்லின் கதையைப் பாருங்கள். ஒடிசாவின் பழைய ரகம் ஒன்று, இரண்டு வாரம் நீரில் மூழ்கினாலும் பிழைத்தெழும். அந்தக் குணம் நெல்லின் மரபில் எந்த இடத்தில் இருக்கிறது என்று 1996-ல் தெரிந்தது. அதற்குக் காரணமான மரபணு எது என்று 2006-ல் தெரிந்தது. அந்தக் குணம் சேர்த்த ஸ்வர்ணா நெல், இந்திய உழவர் கைக்கு 2009-ல் வந்தது. ஆக 13 ஆண்டுகள்! ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொட்டதால்தான் அது முடிந்தது.

வெயிலைத் தாங்கும் குணம் இதைவிடச் சிக்கலானது. அது ஒரே மரபணுவில் அடங்கியதல்ல. அதற்கு இரண்டு ஆண்டு கொடுத்தால் என்ன நடக்கும்? கலப்புச் செய்து, முதல் சில தலைமுறைகளைப் பார்ப்பதற்குள் கெடு முடிந்துவிடும். ஆராய்ச்சியாளர் வேறு ஊருக்கோ வேறு வேலைக்கோ போய்விடுவார். விதை உறையில் கிடக்கும். எந்தச் செடி எப்படி நடந்துகொண்டது என்ற அனுபவம் அவரோடு போய்விடும்.

நாற்று விட்டுவிட்டு, நடவுக்கு ஆள் இல்லை என்று சொல்வதைப் போன்றது இது!

என்ன செய்ய வேண்டும்?

படித்த எல்லோருக்கும் நிரந்தர வேலை கொடுக்க முடியுமா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நாம் அதைக் கேட்கவில்லை. பயிருக்கு ஏற்ற காலத்தைத்தான் கேட்கிறோம்.

பயிர் ஆராய்ச்சிக்கு வரும் இளைஞருக்கு ஐந்து ஆண்டுக்குக் குறையாத காலம் தர வேண்டும். உதவித்தொகை மாதந்தோறும் தவறாமல் கையில் சேர வேண்டும். ஒருவர் போகும்போது அடுத்தவர் வந்து, சில மாதமாவது கூட இருந்து, விதையையும் குறிப்பையும் பெற்றுக்கொள்ள வேண்டும். நன்றாக உழைத்தவருக்கு ஆராய்ச்சி நிலையங்களில் காலியாகும் இடங்களைத் தாமதமின்றிக் கொடுக்க வேண்டும்.

இதற்கு ஆகும் செலவு பெரிதல்ல. ஒரு பருவம் பதராகிப் போனால் நாட்டுக்கு வரும் நஷ்டம் மிகப் பெரிது. மத்திய, மாநில அரசுகள் இதைக் கணக்குப் பார்த்து ஆவன செய்ய வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மகனோ மகளோ முப்பது வயதில் பூதக்கண்ணாடி முன்னால் அமர்ந்து நெற்பூவை எண்ணிக்கொண்டிருந்தால் வருந்த வேண்டாம். யாராவது கேட்டால், "நாளைய சோற்றுக்கு வழி தேடுகிறான்", "தேடுகிறாள்" என்று தலை நிமிர்ந்து சொல்லுங்கள்.