பண்பாடு என்று சொல்லிவிட்டால் போதுமா?

வெளிநாட்டு இளைஞர்களை வரவழைக்கும் 'ஜெட்' திட்டத்தை ஜப்பான் அரசு 1987இல் தொடங்கியபோது அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கு நாடுகளிலிருந்து 848 பேர் போய் இறங்கினார்கள். அன்று முதல் ஆங்கிலத் துணை ஆசிரியராக அங்கே போகிறவர்கள் மூன்று வியப்புகளைத் தவறாமல் சொல்கிறார்கள். பிள்ளைகளே பள்ளியைக் கூட்டித் துடைக்கிறார்கள். ஆசிரியரும் மாணவரும் ஒரே சாப்பாட்டை வகுப்பறையிலேயே சேர்ந்து சாப்பிடுகிறார்கள். கேள்வி கேட்டால் வகுப்பு வாய் திறப்பதில்லை. மூன்றுக்கும் கிடைக்கும் விளக்கம் ஒன்றுதான்: அது ஜப்பானியப் பண்பாடு. இந்த விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு சமூகம் பாடுபட்டு அமைத்த ஏற்பாட்டை அது பிறவிக் குணமாக்கிவிடுகிறது. அமைத்தவர்களின் உழைப்பும் அதில் மறைகிறது. கோளாறு இருந்தால் திருத்த வேண்டியவர்களின் பொறுப்பும் மறைகிறது.

சாப்பாட்டையே எடுத்துக்கொள்வோம். வெள்ளை அங்கியும் தொப்பியும் போட்ட பிள்ளைகள் முறை வைத்துப் பரிமாறுவதைப் பார்க்கிறவர்கள் அதைப் பழங்கால வழக்கம் என்று எண்ணுகிறார்கள். 1889இல் ட்சுருவோக்கா என்ற ஊரில் பௌத்தத் துறவிகள் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோற்று உருண்டை கொடுத்ததில் அதன் கதை தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பசியில் வாடிய நாட்டில் அது விரிந்ததற்கு அமெரிக்காவிலிருந்து உதவியாக வந்த பால் பவுடரும் கோதுமை மாவும் பெரிய காரணம். 1954இல் பள்ளி உணவுச் சட்டம் வந்தது. தலைமுறை தலைமுறையாகச் சோறு உண்ட மக்களின் பிள்ளைகள் பள்ளியில் ரொட்டி தின்று வளர்ந்தார்கள். 1976இல்தான் அரிசிச் சோறு முறைப்படி அந்தத் தட்டுக்கு வந்தது. பசி, அந்நிய உதவி, சட்டம், செலவு எல்லாம் சேர்ந்து உருவாக்கிய ஒன்றை, தொன்றுதொட்டு வரும் குணம் என்று எப்படிச் சொல்வது? துப்புரவும் இப்படித்தான். நாட்டின் பாடத்திட்டத்தில் 'சிறப்புச் செயல்பாடுகள்' என்றொரு பகுதி இருக்கிறது. வகுப்புப் பொறுப்புகளைப் பகிர்ந்து செய்வது அதில் அடங்கும். துப்புரவுக்குக் கால அட்டவணையிலேயே இடம் உண்டு. அந்த முறையை எகிப்து கேட்டு வாங்கி, 2018இல் எகிப்து–ஜப்பான் பள்ளிகளைத் திறந்தது. இரத்தத்தில் ஊறிய குணமாக இருந்தால் கெய்ரோவுக்குக் கொண்டுபோயிருக்க முடியாது.

இந்த ஏற்பாடுகளே பண்பாட்டிலிருந்து பிறந்தவைதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சேர்ந்து செய்வதை மதிக்கும் சமூகத்தில் இவை எளிதாக வேரூன்றின என்பதை மறுக்கவில்லை. ஆனால் மனப்போக்கு மட்டும் துடைப்பத்தைக் கையில் எடுக்காது. நேரம் ஒதுக்க வேண்டும், முறை வகுக்க வேண்டும், ஆசிரியரும் கூட நின்று செய்ய வேண்டும்.

வெளிநாட்டு ஆசிரியரை அதிகம் வாட்டுவது மௌனம். கூச்ச சுபாவம் என்று அதற்குப் பெயர் வைத்துவிடுகிறார்கள். அதே ஆசிரியர் தொடக்கப் பள்ளிக்கும் போகிறவரானால், முதல் வகுப்புப் பிள்ளைகள் கையைத் தூக்கிக்கொண்டு போட்டி போட்டுக் கத்துவதைக் கண்டிருப்பார். நடுநிலைப் பள்ளிக்கு வந்ததும் அடங்குகிறார்கள். வயதுதான் காரணம் என்பார்கள்; ஓரளவு அது உண்மை, எந்த நாட்டிலும் பதின்வயது அப்படித்தான். ஆனால் விளையாட்டு விழாவில் இதே பிள்ளைகள்தான் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். ஆங்கில வகுப்பில் மட்டும் வாய் ஏன் மூடுகிறது? பேச்சுக்கு மதிப்பெண் இல்லை என்பதே முதன்மையான காரணம் என்பது என் முடிவு. பல்கலைக்கழக நுழைவுக்கான பொதுத் தேர்வில் காதால் கேட்டு விடையளிக்கும் பகுதியே 2006இல்தான் சேர்ந்தது. பேச்சுத் திறனையும் அளக்கத் தனியார் தேர்வுகளைச் சேர்க்கும் திட்டத்தை 2019 நவம்பரில் அரசு தள்ளிவைத்தது; கட்டணமும் தேர்வு மையத் தொலைவும் ஏழைகளையும் கிராமத்து மாணவர்களையும் பாதிக்கும் என்ற எதிர்ப்பு வலுவாக இருந்தது. பிறகு அதைக் கைவிட்டே விட்டது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஆனால் தேர்வில் இல்லாததைத் தப்பாகச் சொல்லி நண்பர்கள் முன் தலைகுனிய எந்தப் பிள்ளை துணியும்?

இதை மாற்ற முடியாது என்றில்லை: டோக்கியோ மாநகர அரசு பொது நடுநிலைப் பள்ளி மாணவருக்கு 2022 முதல் ஆங்கிலப் பேச்சுத் தேர்வு நடத்தி, அதை உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கைக்கும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. கற்பிக்க ஜப்பானுக்குப் போகும் நம் இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: பிள்ளைகளின் சுபாவத்தைப் பற்றி ஊருக்கு எழுதும் முன், நீங்கள் கற்பிக்கும் பகுதியின் உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு வினாத்தாளை வாங்கிப் படித்துப் பாருங்கள்.