மலிவான தீனி யாருடையது?

கண்டியில் கடலுமில்லை, களப்புமில்லை. இங்கிருப்பவனுக்கு நண்டுத் தீனியில் என்ன அக்கறை என்று வாசகர்கள் கேட்கலாம். அக்கறை இருக்கிறது.

புத்தளம், நீர்கொழும்பு, மட்டக்களப்புக் களப்புகளின் சேற்று நண்டு சிங்கப்பூர் உணவகங்களிலே பெயர் பெற்றது. ஆனால் ஓடு கழற்றிய நண்டுக்குள் சதை குறைவு, நீரே அதிகம். நல்ல விலை கிடைக்காது. ஒன்றையொன்று தின்றுவிடாதபடி அவற்றைத் தனித்தனியே அடைத்து, இரண்டு முதல் நான்கு வாரங்கள் தீனியிட்டுச் சதைபிடிக்க வைப்பார்கள். நாளொன்றுக்கு உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் வரை தீனி வேண்டும். 500 கிராம் நண்டுக்கு 8 சதவீதம் என்றால் 40 கிராம். 20 நாட்களில் 800 கிராம்.

இத்தீனி பெரும்பாலும் 'கழிவு மீன்'. பெயர்தான் கழிவு. அதிலே சூடையும் சாளையும் சேரும்போது, மலையக லயத்தில் ஒரு குடும்பத்தின் குழம்பு நண்டுக்குப் போகிறது. 2022 நெருக்கடியில் எத்தனையோ வீடுகளில் அந்தக் குழம்பும் அரிதாயிற்று.

உண்மையான மலிவுத் தீனி சந்தைகளில் வீசப்படுகிறது: மீன் தலை, மீன் குடல், கோழிக்குடல். பிலிப்பைன்ஸில் கோழிக்குடலையும் நண்டுக்கு இடுகிறார்கள். தீனி கெடாததாக இருக்கவேண்டும். மிச்சத்தை அன்றன்றே அகற்றவேண்டும், இல்லையேல் நீர் பழுதாகும். கண்டியிலிருந்து எதையும் ஏற்றிச்செல்லத் தேவையில்லை. களப்போரச் சந்தைகளின் கழிவைச் சேகரித்துக் குளிரூட்டிக் கொடுக்க அரசு ஏற்பாடு செய்தால் போதும்.

அந்நியச் செலாவணி நாட்டுக்கு அவசியம்தான். அதற்கான தீனியை ஏழையின் கோப்பையிலிருந்து எடுக்கலாகாது.