பேசுற முறைக்கு யாரு ஓனர்?

மாஸ் எஃபெக்ட் ஆடினவங்களுக்கு இது தெரியும். எதிரில் நிற்கிற ஆள் பேசி முடிக்கிறதுக்குள்ளேயே ஸ்கிரீனுக்குக் கீழே ஒரு வட்டம் வரும். அதைச் சுத்தி பதில்கள். வலது பக்கம் மேலே போனா நல்லவன் பதில். வலது பக்கம் கீழே போனா முரட்டுப் பதில். நடுவில் பட்டும் படாத பதில். இடது பக்கம் போனா இன்னும் கேள்வி கேட்கலாம். ரெண்டு மணி நேரம் ஆடினதுக்கு அப்புறம் வட்டத்தில் என்ன எழுதியிருக்குன்னு முழுசா படிக்கக்கூட மாட்டோம். கோபம் வந்தா கட்டைவிரல் தானாவே கீழ் வலதுக்குப் போயிடும்.

அந்தக் கட்டைவிரல் பழக்கத்துக்கு அமெரிக்காவில் ஒரு பேட்டன்ட் இருக்கு. எண் 8,082,499. பயோவேர் போட்ட விண்ணப்பம் 2007-ல் வெளியானது. அதே வருஷ நவம்பரில்தான் முதல் மாஸ் எஃபெக்ட்டும் வந்தது. 2008 தொடக்கத்தில் பயோவேர் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கைக்குப் போச்சு. 2011 டிசம்பரில் பேட்டன்ட் கிடைத்தது.

அதில் ஷேப்பர்டின் கதைக்கு உரிமை கேட்கவில்லை, கோடுக்கும் கேட்கவில்லை. கேட்டது இவ்வளவுதான்: பதில்களை ஒரு வட்டத்தைச் சுற்றி வை, ஒவ்வொரு வகைப் பதிலுக்கும் ஒரு நிலையான இடம் கொடு, பேசுற விஷயம் மாறினாலும் அந்த வகை அதே இடத்தில் வரட்டும். சுருக்கமா சொன்னா, "எந்தத் திசையில் எந்த மாதிரி பேச்சு" என்ற ஏற்பாட்டுக்கே உரிமை.

இது தப்புன்னு நான் நினைக்கிறேன். ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி எதிர்க்கட்சிக்காரங்க நியாயத்தையும் சொல்லிடறேன்.

பயோவேர் தீர்த்தது நிஜமான பிரச்சினை. அதுக்கு முன்னாடி ஆர்.பி.ஜி.களில் பெரும்பாலும் நீளமான வரிகளின் பட்டியல்தான். 1999-ல் வந்த பிளேன்ஸ்கேப் டார்மென்ட்டில் ஒரு கேள்விக்கு ஏழெட்டு பதில்கூட வரிசையா நிற்கும். மானிட்டர் முன்னாடி உட்கார்ந்து படிக்க அது சுகம். ஆனா சோஃபாவில் உட்கார்ந்து டிவியில் கன்ட்ரோலரோடு ஆடுறவனுக்கு அது சரிப்படாது. அதோட, மாஸ் எஃபெக்ட்டில் ஹீரோவுக்குக் குரல் உண்டு. முழு வரியையும் படிச்சுட்டு, அதையே திரும்ப நடிகர் வாயால் கேட்டா போரடிக்கும். அதனால ரெண்டு மூணு வார்த்தையில் ஒரு சாரம், அதுக்கு ஒரு நிலையான திசை, எதிராளி முடிக்கிறதுக்குள்ளேயே தேர்ந்தெடுக்கிற வசதி. பேச்சு நிற்காம ஓடும். உண்மையிலேயே நல்ல டிசைன். "இவ்வளவு உழைச்சவனுக்கு உரிமை கொடுக்காம எப்படி?" என்ற கேள்வியும் நியாயமானதுதான்.

ஆனா பேட்டன்ட் என்பது உழைப்புக்குக் கொடுக்கிற மெடல் இல்ல. அது ஒரு பேரம். "உன் ரகசியத்தை ஊருக்குச் சொல்லு, பதிலுக்கு விண்ணப்பிச்ச நாளிலிருந்து இருபது வருஷம் வேற யாரும் அதைச் செய்யாம பார்த்துக்கறோம்." ஒரு கெமிக்கல் ப்ராசஸுக்கு இந்தப் பேரம் புரியும். பேட்டன்ட் இல்லேன்னா அது ஃபேக்டரிக்குள்ளேயே புதைஞ்சு போகும். டயலாக் வீலில் என்ன ரகசியம் இருக்கு? கேமை வாங்கி அஞ்சு நிமிஷம் ஆடினா முழுசும் தெரிஞ்சிடும். அப்போ ஊருக்குக் கிடைத்தது ஒண்ணுமில்ல, கொடுத்தது மட்டும் இருபது வருஷம். கோடு, கதை, குரல், கலை எல்லாத்துக்கும் காப்புரிமை ஏற்கெனவே இருக்கு. பெயருக்கு ட்ரேட்மார்க் இருக்கு. உழைப்பு ஒண்ணும் அனாதையா நிற்கல.

அதோட, வட்டமும் பயோவேர் வீட்டுச் சொத்து இல்ல. 1993-ல் சீக்ரெட் ஆஃப் மானாவில் ஆளைச் சுற்றி வளையமா மெனு வந்தாச்சு. 2000-ல் தி சிம்ஸில் ஒரு ஆள் மேல கிளிக் பண்ணா "பேசு, கிண்டல் பண்ணு" என்று வட்டமா விரியும். பதிலைப் பட்டியலில் இருந்து தேர்ந்தெடுக்கிறது 1990-ன் மங்கி ஐலண்ட்டிலேயே இருக்கு. இதையெல்லாம் எடுத்து ஒண்ணா சேர்த்து இன்னொரு படி மேலே கொண்டு போனாங்க. அதுதான் டிசைன் வளர்ற விதம். அவங்களுக்கு முந்தினவங்க இதே மாதிரி கதவைச் சாத்தியிருந்தா, பயோவேருக்கு ஏற படியே இருந்திருக்காது.

"கதவைச் சாத்தினா என்ன ஆகும்?" என்பதற்கு கேம் உலகத்தில் உதாரணத்துக்குப் பஞ்சமில்ல.

நாம்கோ, ரிட்ஜ் ரேசர் லோடு ஆகுற நேரத்தில் கேலக்சியன் ஆட விட்டாங்க. லோடிங் ஸ்கிரீனில் வேற கேம் ஆடுறதுக்கு 1998-ல் அமெரிக்க பேட்டன்ட் கிடைத்தது. 2015-ல்தான் முடிந்தது. லோடிங் ரொம்ப நேரம் எடுத்த பிஎஸ் ஒன், பிஎஸ் டூ காலம் முழுக்க ஐடியா பூட்டுக்குள்ள இருந்தது. பூட்டு திறந்து அஞ்சு வருஷத்தில் எஸ்.எஸ்.டி.யோடு பிஎஸ் ஃபைவ் வந்து லோடிங்கே காணாம போச்சு.

வார்னர் பிரதர்ஸ் கதை இன்னும் மோசம். 2014-ன் ஷேடோ ஆஃப் மோர்டாரில் உங்களைக் கொன்ன ஓர்க் பதவி உயர்வு வாங்கி, அடுத்த தடவை பார்க்கும்போது பழசைச் சொல்லிக் காட்டுவான். அந்த நெமிசிஸ் சிஸ்டத்துக்கு 2021-ல் பேட்டன்ட். 2036 வரைக்கும் செல்லும். அதை உருவாக்கின மோனோலித் ஸ்டுடியோவை 2025 பிப்ரவரியில் வார்னரே மூடிட்டாங்க. செஞ்சவங்க வீட்டுக்குப் போயாச்சு, பூட்டு மட்டும் தொங்கிக்கிட்டு இருக்கு. இதுல "படைப்பாளியைப் பாதுகாக்கிறோம்" என்ற வாதம் எங்கே நிற்குது?

"பேட்டன்ட் வாங்கி வெச்சா போதுமா, கேஸ் போட்டா தானே பிரச்சினை?" என்று கேட்கலாம். கேஸும் போடுவாங்க. 2003-ல் கிரேஸி டாக்ஸியின் திசை காட்டுற அம்புக்குறிக்காக, சிம்ப்சன்ஸ் ரோட் ரேஜ் கேம் மேல சேகா வழக்கு போட்டது. கடைசியில் வெளியே பேசி முடிச்சுக்கிட்டாங்க. 2024 செப்டம்பரில் பால்வேர்ல்டை எடுத்த பாக்கெட்பேர் மேல நின்டெண்டோ டோக்கியோவில் வழக்கு போட்டது. தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடியே அவங்க உருண்டையை வீசி பாலை வரவழைக்கிற முறையை எடுத்துட்டாங்க, பாலைப் பிடிச்சுப் பறக்கிறதையும் மாத்திட்டாங்க. லட்சக்கணக்கில் வித்த கேமுக்கே இந்த நிலைமை. மூணு பேர் சேர்ந்து ஹாஸ்டல் ரூமில் செய்ற கேமுக்கு வக்கீல் நோட்டீஸ் வரக்கூட வேண்டாம், வரும்னு பயமே போதும்.

இன்னொரு வாதம் உண்டு: "வட்டம் இல்லேன்னா வேற வழி கண்டுபிடி. அதுதானே கிரியேட்டிவிட்டி!" வேற வழிகள் வந்தது உண்மை. 2012-ல் டெல்டேலின் வாக்கிங் டெட் நாலு பதிலையும் ஒரு டைமரையும் வைத்து நம்மைப் பதற வைத்தது. 2019-ல் டிஸ்கோ எலிசியம் ஸ்கிரீனின் வலது பக்கத்தில் நீளமான பத்தியா ஓட விட்டு, மண்டைக்குள்ள இருக்கிற குரல்களையே பேச வைத்தது. ரெண்டுமே அருமை. ஆனா அவை வந்தது அந்தக் கதைக்கு அது தேவைப்பட்டதால். ஒரு டிசைனர் தன் கதைக்கு எது பொருந்தும்னு பார்த்துத் தேர்ந்தெடுக்கணும். எது கேஸ் வராதுன்னு பார்த்து இல்ல.

ஏன்னா டயலாக் இன்டர்ஃபேஸ் வெறும் அலங்காரம் கிடையாது. அது என்ன பேசலாம் என்பதையே முடிவு பண்ணும். ஃபால்அவுட் 4 (2015) ஞாபகம் இருக்கா? நாலு பட்டன், நாலு பதில். ஆமாம், இல்லை, நக்கல், இன்னொரு கேள்வி. ஃபால்அவுட் நியூ வேகஸில் விதவிதமா பேசினவங்க இதைப் பார்த்துக் கொதிச்சாங்க. எழுதுறவங்களுக்குத் திறமை குறைஞ்சு போகல, அவங்களுக்குக் கிடைத்தது நாலே பெட்டி. 2023-ல் ஸ்டார்ஃபீல்டில் பெதெஸ்டா திரும்ப பட்டியலுக்கே வந்துட்டாங்க. அதாவது மெனுவின் வடிவம் கிட்டத்தட்ட இலக்கணம் மாதிரி. இலக்கணத்துக்கு யாராவது பட்டா போட முடியுமா?

இது எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துதுன்னா, எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ஒரு குட்டித் தமிழ் ஆர்.பி.ஜி. எழுத ஆரம்பிச்ச முதல் வாரத்திலேயே மாட்டிக்கிட்டோம். இங்கிலீஷில் "யூ" போதும். தமிழில் ஒரு ஆளிடம் வாயைத் திறந்தாலே நீயா, நீங்களா என்று முடிவு பண்ணியாகணும். மூணாவதா ஒரு வழியும் நாம தினமும் உபயோகிக்கிறோம்: எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியாதப்போ "சாப்பிட்டாச்சா?", "எப்போ வந்தது?" என்று ஆளே இல்லாம பேசித் தப்பிச்சுக்கிறது. ஸ்கூல் முழுக்க இங்கிலீஷ் மீடியத்தில் படிச்ச எனக்கு இது ஒரு விதின்னு அன்னைக்குத்தான் உறைச்சது.

அதனால எங்க மெக்கானிக் இதுதான். ஒரு வட்டம். மேல் பாதியில் "நீங்க" பதில்கள், கீழ்ப் பாதியில் "நீ" பதில்கள், நடுக்கோட்டில் ரெண்டும் இல்லாத நழுவல் பதில்கள். எந்த ஆளிடமும் இந்த இடங்கள் மாறாது. ஒவ்வொரு என்.பி.சி.யும் நாம கடைசியா எப்படிக் கூப்பிட்டோம்னு ஞாபகம் வெச்சிருக்கும். மரியாதையிலிருந்து ஒருமைக்கு இறங்கினா, அந்த ஆளோட உறவைப் பொறுத்து அது நெருக்கமாகவும் ஆகலாம், அவமானமாகவும் ஆகலாம். ஒருமையிலிருந்து மரியாதைக்கு ஏறினா "என்ன, திடீர்னு மரியாதை?" என்று சந்தேகம் வரும். நழுவல் பதிலை மூணு தடவைக்கு மேல உபயோகிச்சா எதிராளியே "என்னை எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியலையா?" என்று கேட்டுடுவார்.

நிலையான இடம், வட்டம், பதிலின் வகை. அந்த அமெரிக்க பேட்டன்ட்டை வெச்சுக்கிட்டு இதைப் படிச்சா வயித்தைக் கலக்கும். பேட்டன்ட் அந்தந்த நாட்டுக்குள்ளதான் செல்லும், உண்மை. ஆனா ஸ்டீமில் போட்டா கேம் அமெரிக்காவிலும் விற்கும்.

இதை ரிவ்யூவில் காட்டினப்போ எங்க கைடு சார் ரொம்ப ஆர்வமா சொன்னது: "நல்லா இருக்கு, நீங்களே பேட்டன்ட் ஃபைல் பண்ணிடுங்க." அவர் மேல தப்பில்ல. என்.ஐ.ஆர்.எஃப். ரேங்கிங்கில் பேட்டன்ட் பப்ளிஷ் ஆனாலே மார்க் உண்டு. எல்லாக் காலேஜிலும் இதே ஓட்டம்தான். ஆனா பப்ளிஷ் ஆகிறது வேற, கிராண்ட் ஆகிறது வேற. ஃபீஸ் கட்டி விண்ணப்பிச்சா பதினெட்டு மாசத்தில் தானாவே பப்ளிஷ் ஆகும், இன்னொரு ஃபார்ம் போட்டா சீக்கிரமாவும் ஆகும். அதுக்குள்ள எந்த எக்ஸாமினரும் அதைப் படிச்சிருக்கணும்னு அவசியமில்ல. லிங்க்ட்இனில் போட மட்டும் நல்லா இருக்கும்.

நம்ம சட்டம் இந்த விஷயத்தில் தெளிவா இருக்கு. இந்திய பேட்டன்ட் சட்டம் 1970, பிரிவு 3-ஐ ஒரு தடவை படிச்சுப் பாருங்க. 3(கே): கம்ப்யூட்டர் ப்ரோகிராம் மட்டும்னா அது கண்டுபிடிப்பு இல்லை. 3(எம்): விளையாடும் முறை கண்டுபிடிப்பு இல்லை. 3(என்): தகவலைக் காட்டும் விதமும் இல்லை. டயலாக் வீல் இந்த மூணு கதவிலும் முட்டும். அமெரிக்காவிலேயே 2014-ல் ஆலிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு பொதுவான ஐடியாவைக் கம்ப்யூட்டரில் செய்றதாலேயே அது பேட்டன்ட்டுக்குத் தகுதி ஆகாதுன்னு சொல்லியாச்சு. ஏற்கெனவே கொடுத்ததை யாராவது செலவு பண்ணி எதிர்த்தால்தான் போகும், அதுதான் சிக்கல்.

எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸுக்கு மனசு வந்தா வழியும் இருக்கு. 2021-ல் ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸின் பிங் சிஸ்டம் உட்பட, மாற்றுத்திறனாளிகளுக்கு உதவுற சில பேட்டன்ட்டுகளை யார் வேணா உபயோகிக்கலாம், கேஸ் போட மாட்டோம்னு வாக்குக் கொடுத்தாங்க. அதனால கம்பெனி ஒண்ணும் நொடிச்சுப் போகல. அதே வாக்கை பேச்சு மெனுவுக்கும் கொடுக்கலாம்.

அவங்க கொடுக்கிறாங்களோ இல்லையோ, நாம செய்ய வேண்டியது நம்ம கையில் இருக்கு. ஏற்கெனவே வெளியே தெரிஞ்ச ஒண்ணுக்குப் பேட்டன்ட் வாங்க முடியாது. புதுசா இருக்கணும் என்பதுதான் முதல் விதி. அதனால ஜூனியர்ஸ், உங்க மெக்கானிக்கை ஃபைல் பண்ணாதீங்க. எல்லாரும் படிக்கிற இடத்தில், தேதியோட, விவரமா எழுதி வைங்க.

நாங்க கைடு சாரிடம் அதைத்தான் சொன்னோம். கொஞ்சம் யோசிச்சார், "சரி, மார்க் போனா என்னைக் கேட்கக் கூடாது" என்றார். ஒத்துக்கிட்டோம்.

மேலே ஏழு பத்திக்கு முன்னாடி எங்க நீ–நீங்க வட்டத்தை அவ்வளவு விவரமா எழுதினது அதுக்குத்தான். இந்த இதழ் வெளியாகிற தேதியிலிருந்து அதை யாரும் "நான்தான் கண்டுபிடிச்சேன்" என்று பூட்ட முடியாது, நாங்க உட்பட. எடுத்துக்கோங்க, எங்களைவிட நல்லா செய்ங்க.