மரம் போல் தரை வேண்டுமா?

தேக்குப் பலகை என்று நினைத்துக் குனிந்து தொட்டால், கை சில்லென்கிறது! அது மரம் அல்ல. டைல்ஸ்!

புது வீடு கட்டுகிற பலர் இப்போது இதைத்தான் விரும்புகிறார்கள். களிமண்ணை அழுத்தி, அதன் மேல் மரத்தின் ரேகையை எந்திரத்தால் அச்சிட்டு, சுமார் 1,200 டிகிரி சூட்டில் சுட்டு எடுக்கிறார்கள். குஜராத்தில் உள்ள மோர்பி என்ற ஊரில் இருந்துதான் நம் நாட்டு டைல்ஸில் பெரும்பகுதி வருகிறது.

"மரம் மாதிரி வேஷம் எதற்கு? மரத்தையே போடலாமே!" என்று சிலர் கேட்பார்கள். நம் ஊருக்கு அது சரிப்படாது. மழைக்காலத்தில் மரம் ஊறி உப்பும். வெயிலில் சுருங்கும். கறையானும் வரும். தண்ணீர் விட்டுத் தரையைக் கழுவாமல் நம் பெண்கள் இருப்பார்களா? செட்டிநாட்டு வீடுகளைப் பாருங்கள். பர்மாவில் இருந்து தேக்கை வரவழைத்துத் தூணும் கதவும் செய்தார்கள். தரைக்கோ பளிங்கும் ஆத்தங்குடிக் கல்லும்தான்! பணம் இல்லாமலா மரத்தை விட்டார்கள்?

ஆகவே, மரம் போன்ற டைல்ஸ் போடுவதில் தப்பு இல்லை. ஆனால் கண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

முக்கியமாக, பளபளப்பு வேண்டாம். கடை விளக்கில் அது ஜொலிக்கும். வீட்டில் கொஞ்சம் தண்ணீர் சிந்தினால் போதும், கால் வழுக்கும். வயதானவர்கள் விழுந்தால் இடுப்பு எலும்பு முறியும். அதற்குப் பிறகு பழையபடி நடக்காமலே போனவர்கள் உண்டு. சொரசொரப்பானதைக் கேளுங்கள். "மேட்" என்றால் எடுத்துக் கொடுப்பார்கள். ஒன்றைத் தரையில் வைத்து, தண்ணீர் ஊற்றி, வெறுங்காலால் மிதித்துப் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். விழப் போவது அவர் வீட்டுப் பாட்டி அல்ல!

அடுத்தது, பதிக்கிற விதம். இந்த டைல்ஸ் 4 அடி நீளம், 8 அங்குல அகலத்திலும் வருகிறது. இத்தனை நீளமானது சூளையில் வேகும்போது நடுவில் லேசாக வளைந்துவிடும். செங்கல் அடுக்குவது போல, ஒன்றின் நடுவில் அடுத்ததன் முனை வரும்படி கொத்தனார் பதித்தால், முனை தூக்கிக்கொண்டு நிற்கும். நடக்கும்போது கால் விரலில் இடிக்கும். நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தள்ளிப் பதிக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லி விடுங்கள். பதித்த பிறகு சண்டை போட்டுப் பயன் இல்லை.

பெட்டிகளின் மேல் நிற எண் போட்டிருக்கும். எல்லாப் பெட்டியிலும் ஒரே எண்தானா என்று பாருங்கள். எண் மாறினால் நிறமும் மாறும். ஒரே மரமுடிச்சு பக்கத்துப் பக்கத்தில் வந்தாலும் அச்சு என்று காட்டிக் கொடுத்துவிடும். ஆகையால் நாலைந்து பெட்டிகளைப் பிரித்து, கலந்து பதிக்கச் சொல்லுங்கள்.

பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குங்கள். மிஞ்சியதைத் திருப்பிக் கொடுக்காமல் பரணில் வையுங்கள். ஐந்து வருஷம் கழித்து அம்மிக்குழவி விழுந்து ஒன்று உடைந்தால், அதே நிறத்தைத் தேடி எந்தக் கடைக்குப் போவீர்கள்?